முப்பத்தொன்பதாம் எண் எஞ்சின்

நியூ ஜெர்சி மாநிலத்துப் பேட்டர்சன் ஊரில் பசேக் ஆறு பாறை விளிம்பிலிருந்து அருவியாய் விழுகிறது. அந்த நீரின் விசையை நம்பி முதலில் ஆலைகள் வந்தன. ஆலைகளுக்கு இயந்திரம் செய்ய பட்டறைகள் வந்தன. அந்தப் பட்டறைகள் பிறகு ரயில் எஞ்சின் செய்யக் கற்றுக்கொண்டன. 1855 டிசம்பரில் ராஜர்ஸ், கெச்சம், குரோவனர் ஆகிய மூவரின் பெயரில் நடந்த பட்டறையிலிருந்து ஓர் எஞ்சின் வெளியே வந்தது. முன்னால் நான்கு சிறிய சக்கரங்கள், பின்னால் ஐந்தடி உயரத்தில் நான்கு பெரிய சக்கரங்கள். விறகுத் தீயின் பொறி வெளியே பறக்காமல் இருக்க, புனல் போல அகன்ற புகைபோக்கி. குறுக்கே வரும் மாட்டை ஒதுக்கித் தள்ள முன்புறத்தில் சாய்ந்த கம்பித் தடுப்பு. எடை சுமார் 25 டன், விலை 8,850 டாலர். வாங்கியது ஜார்ஜியா மாநில அரசுக்குச் சொந்தமான வெஸ்டர்ன் அண்டு அட்லாண்டிக் ரயில்வே. தன் எஞ்சின் வரிசையில் அதற்கு 39 என்ற எண்ணைக் கொடுத்து, ‘ஜெனரல்’ என்று பெயரும் வைத்தது.

அடுத்த ஆண்டு அக்டோபரில் அதே பேட்டர்சனில், டான்ஃபோர்த் குக் என்ற இன்னொரு பட்டறை இதே ரயில்வேக்கு இன்னோர் எஞ்சினைச் செய்து அனுப்பியது. அதன் பெயர் ‘டெக்ஸஸ்’. ஓர் ஊரில் பிறந்த இந்த இரண்டும் ஒருநாள் ஒன்றையொன்று துரத்தும் என்று அன்றைக்கு யாரும் எண்ணியிருக்க முடியாது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென் மாநிலங்கள் வடக்கோடு சண்டைக்குப் போனபோது, அவர்களுடைய ரயில்களை இழுத்துக்கொண்டிருந்த எஞ்சின்களில் பெரும்பாலானவை இப்படி வடக்கிலிருந்து வாங்கியவைதான். போர் தொடங்கியபின் புதிது வாங்க வழியில்லை. கையிலிருப்பதைத் தட்டிக்கொட்டி ஓட்டினார்கள்.

ஜெனரல் ஓடிய பாதையைப் பற்றிச் சொல்லாமல் அதன் கதையைச் சொல்ல முடியாது. அட்லாண்டாவிலிருந்து வடமேற்கே டென்னசி ஆற்றங்கரையிலுள்ள சட்டனூகா வரை 138 மைல், ஒற்றைத் தடம். 1836-இல் ஜார்ஜியா சட்டமன்றம் இதற்கு அனுமதி தந்தபோது அட்லாண்டா என்று ஓர் ஊரே கிடையாது. பாதை முடியும் இடத்தில் ஒரு முளை அடித்தார்கள். அந்த முளையைச் சுற்றி வளர்ந்த குடியிருப்புக்கு முதலில் ‘டெர்மினஸ்’ என்றுதான் பெயர். பாதை போன வடக்கு நிலம் செரோக்கி மக்களுடையது. 1838-இல் படையை விட்டு அவர்களை மேற்கே விரட்டினார்கள். சுமார் 16,000 பேரைக் கிளப்பியதில் நாலாயிரம் பேர் வரை இறந்ததாகக் கணக்கிடுகிறார்கள். அவர்களுடைய தலைநகரான நியூ எக்கோட்டா, பின்னாளில் இந்தப் பாதையில் வந்த காலூன் ஸ்டேஷனுக்குச் சில மைல் தொலைவில்தான் இருந்தது. மலையைக் குடைந்து 1,477 அடி நீளச் சுரங்கம் போட்டு, 1850-இல் பாதையை முடித்தார்கள். போர்க்காலத்தில் தெற்கத்திய ரயில்வேக்களில் விறகு வெட்டியதும், மண் அணைத்ததும், பல எஞ்சின்களில் அடுப்புக்கு விறகு தள்ளியதும் அடிமைகள். வீரக் கதைகளில் அவர்களுக்குப் பெயர் இல்லை. ஆனால் ஜெனரலின் கொதிகலனில் நீராவி ஏறியது அப்படிப்பட்ட கைகளின் உழைப்பால்தான்.

ஜெனரலின் பெயரை உலகம் அறிந்தது ஒரே ஒரு காலைப் பொழுதால். 1862 ஏப்ரல் 12, சனிக்கிழமை.

ஏப்ரல் தொடக்கத்தில் டென்னசியின் ஷைலோவில் பெரும் சண்டை நடந்து முடிந்திருந்தது. வடக்குப் படையின் ஆர்ம்ஸ்பி மிட்சல் அலபாமாவின் ஹன்ட்ஸ்வில் ஊரைப் பிடித்து, அங்கிருந்து சட்டனூகாவைப் பிடிக்கத் திட்டமிட்டார். அட்லாண்டாவிலிருந்து ரயிலில் துணைப்படை வந்தால் சட்டனூகாவைப் பிடிக்க முடியாது. ஆகவே அந்தப் பாதையை அறுக்க வேண்டும். ஜேம்ஸ் ஆண்ட்ரூஸ் என்பவர் அந்த வேலையை ஏற்றார். அவர் படைவீரர் அல்லர். தெற்கே போய்வரும் வணிகராக நடித்து உளவு பார்த்தவர். ஒஹையோ படைப்பிரிவுகளிலிருந்து 22 வீரர்கள், இன்னொரு குடிமகன், அவர் ஆக 24 பேர். சாதாரண உடையில் தனித்தனியாகத் தெற்கே நடந்தார்கள். வழியில் இருவரைத் தெற்குப் படையே பிடித்துத் தன் பட்டாளத்தில் சேர்த்துக்கொண்டது. இருவர் மாரியெட்டா விடுதியில் நேரம் தெரியாமல் தூங்கிப்போனார்கள். மிஞ்சிய இருபது பேர் ஜெனரல் இழுத்துவந்த பயணிகள் வண்டியில் ஏறினார்கள்.

பிக் ஷான்டி என்ற சிறு ஸ்டேஷனில் வண்டி காலைச் சாப்பாட்டுக்காக இருபது நிமிடம் நிற்கும். எதிரிலேயே தெற்குப் படையின் பயிற்சி முகாம். ஆனால் ஸ்டேஷனில் தந்தி இல்லை. அதனால்தான் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். கார்டு வில்லியம் ஃபுல்லரும் எஞ்சின் டிரைவர் ஜெஃப் கெய்னும் பட்டறை மேலாளர் ஆன்டனி மர்ஃபியும் பயணிகளோடு விடுதியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஆண்ட்ரூஸின் ஆட்கள் பயணிகள் பெட்டிகளைக் கழற்றிவிட்டு, மூன்று சரக்குப் பெட்டிகளோடு ஜெனரலைக் கிளப்பிக்கொண்டு போனார்கள். காவல் நின்ற வீரர்களின் கண்ணெதிரே இது நடந்தது.

ஃபுல்லர் வெளியே ஓடி வந்தார். பிறகு எஞ்சினுக்குப் பின்னால் ஓடத் தொடங்கினார். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மலைப்பாக இருக்கும். ரயிலைத் துரத்திக் காலால் ஓடுவது பயனற்ற செயல் என்றே யாருக்கும் தோன்றும். ஆனால் அந்தப் பாதை ஒற்றைத் தடம் என்பதும், எதிரே வரும் வண்டிகளுக்காக ஜெனரல் எங்காவது நின்றே ஆகவேண்டும் என்பதும் ஃபுல்லருக்குத் தெரியும். கால அட்டவணை அவருக்கு மனப்பாடம். இரண்டு மைல் ஓடி, மூன்ஸ் ஸ்டேஷனில் பாதை வேலைக்காரர்களின் டிராலியை எடுத்துக் கழியால் தள்ளிக்கொண்டு மூவரும் போனார்கள்.

முன்னே போனவர்களின் கைக்கருவிகள் போதாதவை. தண்டவாள ஆணியைப் பிடுங்கும் சரியான கருவி அவர்களிடம் இல்லை. வழியில் ஒரு பாதைப் பராமரிப்புக் கூட்டத்திடம் கேட்டு வாங்கிய ஒரு கடப்பாரைதான் முக்கிய ஆயுதம். எட்டோவா ஆற்றருகே ஓர் இரும்பாலையின் கிளைப்பாதையில் ‘யோனா’ என்ற எஞ்சின் நீராவியோடு தயாராக நிற்பதை அவர்கள் பார்த்தார்கள். அதைச் சேதப்படுத்தலாம் என்று எஞ்சின் ஓட்டிய நைட் சொன்னார். ஆண்ட்ரூஸ் வேண்டாம் என்று கடந்து போனார். டிராலியில் வந்த ஃபுல்லருக்குச் சற்று நேரத்தில் கிடைத்தது அந்த யோனாதான்.

கிங்ஸ்டன் ஸ்டேஷனில் ஜெனரல் ஒரு மணி நேரத்துக்கு மேல் மாட்டிக்கொண்டது. தெற்கின் தளபதி பொரிகார்டுக்கு வெடிமருந்து கொண்டுபோகிறேன், வழி விடுங்கள் என்று ஆண்ட்ரூஸ் அதிகாரத்தோடு சொல்லிப் பார்த்தார். எதிரே வந்த கூட்ஸ் வண்டியின் கடைசியில் சிவப்புக் கொடி பறந்தது. பின்னால் இன்னொரு வண்டி வருகிறது என்று பொருள். அதன் பின்னாலும் ஒன்று. அட்டவணையில் இல்லாத இந்த வண்டிகள் எங்கிருந்து வந்தன? முந்தின நாள் மிட்சல் ஹன்ட்ஸ்வில்லைப் பிடித்துவிட்டார். சேதி கேட்டுக் கலங்கிய தெற்கத்தியர், சட்டனூகாவிலிருந்த சரக்கைத் தெற்கே அள்ளி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். திட்டப்படி வெள்ளிக்கிழமையே ஆண்ட்ரூஸ் வந்திருந்தால் பாதை காலியாக இருந்திருக்கும். மழையால் ஆட்கள் வந்து சேரத் தாமதமாகும் என்று அவர் ஒரு நாள் தள்ளிப் போட்டிருந்தார். பூட்டிய சரக்குப் பெட்டிக்குள் பதினாறு பேர் மூச்சடக்கி உட்கார்ந்திருந்த அந்த ஒரு மணி நேரத்தை நினைத்தால், பின்னால் நடந்த ஓட்டமெல்லாம் எனக்குச் சிறிதாகத் தெரிகிறது.

கிங்ஸ்டனில் ஃபுல்லர் யோனாவை விட்டு ‘வில்லியம் ஆர். ஸ்மித்’ என்ற எஞ்சினுக்கு மாறினார். தண்டவாளம் பெயர்க்கப்பட்ட இடத்தில் அதையும் விட்டுவிட்டு மர்ஃபியோடு மறுபடி ஓடினார். எதிரே டெக்ஸஸ் ஒரு கூட்ஸ் வண்டியை இழுத்துக்கொண்டு வந்தது. அதன் பெட்டிகளை அடேர்ஸ்வில்லில் கழற்றிவிட்டார்கள். எஞ்சினைத் திருப்ப நேரம் இல்லை. டிரைவர் பீட்டர் பிராக்கன் டெக்ஸஸைப் பின்னோக்கியே ஓட்டினார். பேட்டர்சனில் பிறந்த இரண்டு எஞ்சின்கள், ஒன்று முகம் காட்டியும் ஒன்று முதுகு காட்டியும், ஜார்ஜியாவின் மேடு பள்ளங்களில் ஒன்றன்பின் ஒன்றாகப் பாய்ந்தன.

காலூனுக்கு வடக்கே இருபது பேரும் ஒரு தண்டவாளத்தைப் பிடித்து நெம்பினார்கள். அது வளைந்தது, கழன்று வரவில்லை. அதற்குள் டெக்ஸஸின் ஊதல் கேட்டது. பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி எதிரே விட்டார்கள். பிராக்கன் அவற்றைத் தள்ளிக்கொண்டே வந்து பக்கத் தடத்தில் விட்டார். கடைசிப் பெட்டிக்குத் தீ வைத்து ஒரு கூரைப் பாலத்துக்குள் விட்டார்கள். நாள்கணக்கில் மழையில் ஊறிய மரம் பற்றவில்லை. சுரங்கத்தைத் தாண்டி, ரிங்கோல்டு ஊருக்கு வடக்கே சுமார் இரண்டு மைலில், பிக் ஷான்டியிலிருந்து 87 மைல் ஓடிய ஜெனரல், விறகும் தண்ணீரும் தீர்ந்து நின்றது. ஆட்கள் காட்டுக்குள் சிதறினார்கள். இரண்டு வாரத்துக்குள் எல்லோரும் பிடிபட்டார்கள். ஜூன் 7-இல் ஆண்ட்ரூஸை அட்லாண்டாவில் தூக்கிலிட்டார்கள், 18-இல் இன்னும் ஏழு பேரை. எட்டுப் பேர் அக்டோபரில் சிறையிலிருந்து தப்பினார்கள். மீதி ஆறு பேர் 1863 மார்ச்சில் கைதிப் பரிமாற்றத்தில் விடுதலையானார்கள். மெடல் ஆஃப் ஆனர் என்ற அமெரிக்காவின் மிக உயர்ந்த வீரப் பதக்கம் முதன்முதலில் வழங்கப்பட்டது அவர்களுக்குத்தான். முதலில் பெற்றவர் ஜேக்கப் பாரட். தூக்கிலிடப்பட்டவர்களில் ஷேட்ராக், வில்சன் என்ற இருவருக்கு அது வந்து சேர 2024 ஜூலை வரை ஆயிற்று. ஆண்ட்ரூஸுக்குக் கிடையாது, அவர் படைவீரர் இல்லை என்பதால்.

ஜெனரலுக்குப் பெரிய சேதம் இல்லை. சீக்கிரமே வேலைக்குத் திரும்பிவிட்டது.

பெரும்பாலான நூல்களிலும் படங்களிலும் அதன் கதை இங்கே முடிந்துவிடுகிறது. எனக்கு இதில் மனத்தாங்கல் உண்டு. ஒரு பகல் ஓட்டத்தை இவ்வளவு பேசுகிறோம். அந்த எஞ்சினின் தலைவிதியைத் தீர்த்த இரண்டு நாட்களைப் பேசுவதில்லை. அது அட்லாண்டாவுக்குத் தெற்கே, ஜெனரலின் பாதையே அல்லாத இன்னொரு பாதையில், ஜோன்ஸ்பரோ என்ற சிற்றூரில் 1864-இல் நடந்தது.

அந்த ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் வடக்கின் தளபதி வில்லியம் ஷெர்மன் ஏறத்தாழ ஒரு லட்சம் பேரோடு சட்டனூகாவிலிருந்து தெற்கே புறப்பட்டார். ரிங்கோல்டு, டன்னல் ஹில், டால்டன், ரெசாகா, அடேர்ஸ்வில், கிங்ஸ்டன், பிக் ஷான்டி: ஜெனரல் ஓடிய ஸ்டேஷன்களின் பெயர்களே அந்தப் படையெடுப்பின் நாட்குறிப்பு, வரிசை மட்டும் தலைகீழ். தெற்கின் ஜோசப் ஜான்ஸ்டன் ஒவ்வோர் இடத்திலும் அகழி வெட்டி நின்று, பக்கவாட்டில் வளைக்கப்பட்டதும் அடுத்த ஸ்டேஷனுக்குப் பின்வாங்கினார். ஜூன் 27-இல் கென்னசா மலைச் சரிவில் ஷெர்மன் நேரே மோதி மூவாயிரம் பேரை இழந்தார். அன்று ஜெனரல் அட்லாண்டாவிலிருந்து வெடிமருந்தை ஏற்றிக்கொண்டு மலையடிவாரத்துக்குப் போனது. திரும்பும்போது காயம்பட்டவர்களை ஏற்றிவந்தது. அதன் முப்பத்தைந்தாண்டு உழைப்பில் இதையே நான் பெரிதாக நினைக்கிறேன். துரத்தலில் அது கடத்தப்பட்ட பொருள். கென்னசாவில் அது தன் வேலையைச் செய்தது.

பின்வாங்கும்போது தெற்கத்தியர் பாலங்களை எரித்தார்கள். எட்டோவா ஆற்றின் மேல் 625 அடி நீளம், 75 அடி உயரமுள்ள பாலத்தை வடக்கின் கட்டுமானப் படையைச் சேர்ந்த 600 பேர் ஆறே நாளில் மறுபடி எழுப்பினார்கள். சட்டஹூச்சி ஆற்றின் மேல் 780 அடிப் பாலத்துக்கு நாலரை நாள். டேனியல் மெக்காலம் என்ற ரயில்வேக்காரரும் ரைட் என்ற பொறியாளரும் இதை நடத்தினார்கள். சுரங்கத்தைத் தகர்த்துவிட்டால் என்ன என்று ஒரு தெற்கத்திய வீரன் கேட்டானாம். ஷெர்மன் கையோடு இன்னொரு சுரங்கம் கொண்டுவருகிறார் என்று பக்கத்திலிருந்தவன் சொன்னானாம். ஷெர்மனே பின்னாளில் தம் நினைவுக் குறிப்பில் எழுதிவைத்த கதை இது. படைக்குச் சரக்கு கொண்டுவர லூயிவில்லிலிருந்து அட்லாண்டா வரை 473 மைல் ஒற்றைத் தடம், 196 நாட்கள், ஒரு லட்சம் மனிதர்கள், 35,000 விலங்குகள் என்பது அவர் கணக்கு. இதே சுமையை வண்டி கட்டி இழுக்க, ஆறு கோவேறு கழுதை பூட்டிய 36,800 வண்டிகள் வேண்டியிருக்கும் என்றும், அந்தச் சாலைகளில் அது நடக்காத காரியம் என்றும் அவர் எழுதினார்.

ஜூலை 17-இல் ஜான்ஸ்டனை நீக்கி ஜான் பெல் ஹூட்டை நியமித்தார்கள். கெட்டிஸ்பர்கில் இடக்கை முடங்கி, சிக்கமாகாவில் வலக்காலை இழந்து, குதிரை மீது கட்டி உட்கார வைக்கப்பட்ட மனிதர். பத்து நாட்களில் மூன்று முறை வெளியே வந்து தாக்கினார், மூன்றிலும் தோற்றார். ஆனாலும் அட்லாண்டா விழவில்லை. அந்த ஊருக்கு வரும் நான்கு பாதைகளில் வடக்குப் பாதை ஷெர்மனிடம். கிழக்கே அகஸ்டா பாதை பெயர்க்கப்பட்டது. தென்மேற்கே மான்ட்கமரி போகும் பாதையும் தூரத்தில் அறுபட்டது. மிஞ்சியது தெற்கே மேக்கன் போகும் ஒரே பாதை. அந்த 103 மைல் இரும்பு வழியாகத்தான் சோளமும் பன்றிக்கறியும் தோட்டாவும் அட்லாண்டாவுக்குள் வந்தன. கவனித்துப் பார்த்தால், இப்போது ஷெர்மனின் பிரச்சினை இரண்டாண்டு முன்பு ஆண்ட்ரூஸுக்கு இருந்த அதே பிரச்சினை.

முதலில் குதிரைப்படையை அனுப்பிப் பார்த்தார். ஜூலை கடைசியில் மெக்குக் லவ்ஜாய் ஸ்டேஷன் வரை போய்த் தண்டவாளத்தைப் பெயர்த்தார், அடிபட்டுத் திரும்பினார். ஸ்டோன்மன் சிறைப்பட்டார். ஆகஸ்ட் 18-இல் கில்பாட்ரிக் புறப்பட்டுப் போய் ஜோன்ஸ்பரோவில் பாதையைச் சிதைத்து, பல நாட்களுக்கு வண்டி ஓடாது என்று வந்து சொன்னார். சில நாட்களுக்குள் அட்லாண்டாவுக்குள் மறுபடி ரயில் ஊதல் கேட்டது. தண்டவாளத்தைப் பெயர்ப்பவன் குதிரையில் வந்து குதிரையில் போய்விடுகிறான். அவன் போன பிறகு கேங்குக்காரர்கள் வந்து கட்டையைப் போட்டு ஆணி அடித்துவிடுகிறார்கள். பெயர்த்த இடத்திலேயே நின்றால்தான் பாதை அறும். அதற்கு இருபது பேர் போதாது, சில ஆயிரம் குதிரை வீரர்களும் போதாது.

ஆகவே ஷெர்மன் முழுப் படையையும் எடுத்துக்கொண்டு போனார். ஆகஸ்ட் 25 இரவு முதல் அவருடைய ஏழு படைப்பிரிவுகளில் ஆறு, அகழிகளை விட்டு மேற்கே நகர்ந்தன; ஒன்றை மட்டும் சட்டஹூச்சிப் பாலத்தைக் காக்க நிறுத்தினார். காலி அகழிகளைப் பார்த்த அட்லாண்டா மக்கள் முற்றுகை முடிந்தது என்று கொண்டாடினார்கள். ஹூட்டும் எதிரி பின்வாங்குவதாக எண்ணினார். 28, 29 தேதிகளில் அந்தப் படை ரெட் ஓக், ஃபேர்பர்ன் பக்கத்தில் மான்ட்கமரிப் பக்கம் போகும் வெஸ்ட் பாயின்ட் பாதையை மைல் கணக்கில் அழித்தது. அழிக்கும் முறையை ஷெர்மன் முன்பே எழுத்தில் கொடுத்திருந்தார். ஸ்லீப்பர் கட்டைகளை அடுக்கித் தீ மூட்ட வேண்டும். மேலே தண்டவாளத்தை வைத்து நடுப்பகுதி சிவக்கக் காய்ச்ச வேண்டும். பிறகு இரு முனையிலும் ஆட்கள் பிடித்து முறுக்க வேண்டும். வளைத்தால் மட்டும் போதாது. வளைந்ததைச் சம்மட்டியால் நிமிர்த்திவிடலாம். கயிறு போலத் திரிந்த இரும்பை உருட்டாலைக்குக் கொண்டுபோனால்தான் சீர்செய்ய முடியும். சில வீரர்கள் அதை மரத்தைச் சுற்றி வளைத்து, ‘ஷெர்மனின் கழுத்துப்பட்டை’ என்று பெயர் வைத்தார்கள். காலூன் அருகே வளைந்தும் கழலாத அந்தத் தண்டவாளம் இந்த இடத்தில் எனக்கு நினைவுக்கு வருகிறது.

ஆகஸ்ட் 30 மாலைதான் ஹூட்டுக்கு ஆபத்து புரிந்தது. அன்றிரவே வில்லியம் ஹார்டியின் தலைமையில் இரண்டு படைப்பிரிவுகளை ஜோன்ஸ்பரோவுக்கு விரட்டினார். அவர்கள் வந்து சேர்வதற்குள், ஒற்றைக் கை ஆலிவர் ஹோவர்டின் படை ஃபிளின்ட் ஆற்றைக் கடந்து, ரயில் பாதைக்கு அரை மைல் தள்ளி மேட்டில் அகழி வெட்டி உட்கார்ந்துவிட்டது. இரவெல்லாம் நடந்து வந்த தெற்கத்தியர் 31-ஆம் தேதி பிற்பகல் மூன்று மணி அளவில் அந்த அகழிகளின் மேல் மோதினார்கள். சுமார் 2,200 பேரை இழந்தார்கள். வடக்கின் இழப்பு இருநூறுக்கும் குறைவு. அன்று அதே நேரத்தில், வடக்கே ரஃப் அண்டு ரெடி என்ற ஸ்டேஷனருகே ஸ்கோஃபீல்டின் படை பெரிய எதிர்ப்பு இல்லாமல் மேக்கன் பாதையில் ஏறி நின்றது. பாதை அறுந்தது அங்கேதான். அறுத்தவர்கள் அங்கேயே நின்றார்கள், போகவில்லை.

அட்லாண்டாவையே தாக்கப்போகிறார்கள் என்று எண்ணிய ஹூட், ஹார்டியிடமிருந்து ஒரு படைப்பிரிவைத் திரும்ப அழைத்துக்கொண்டார். செப்டம்பர் 1-இல் ஹார்டி மீதிப் படையை மெல்லிய வரிசையாக நீட்டி, ஜோன்ஸ்பரோவுக்கு வடக்கே ரயில் பாதையை ஒட்டி வளைத்து நிறுத்தினார். அந்த வளைவின் முனையில் பாட்ரிக் கிளீபர்னின் பிரிவு. மாலை நாலு மணிக்கு மேல் ஜெபர்சன் சி. டேவிஸின் படை அந்த முனை மேல் நேராக ஏறிவந்தது. தெற்கின் தலைவரின் பெயரைத் தாங்கிய வடக்குத் தளபதி இவர். அகழிக்குள் துப்பாக்கிக் கட்டையாலும் துப்பாக்கிமுனைக் கத்தியாலும் சண்டை நடந்தது. தளபதி கோவனும் அவருடைய வீரர்கள் நூற்றுக்கணக்கானோரும் பிடிபட்டார்கள். அந்தக் கோடை முழுதும் நேர் மோதலில் அகழியைப் பிடித்தது இந்த ஒரு முறைதான். இருட்டியதும் ஹார்டி லவ்ஜாய் ஸ்டேஷனுக்கு நழுவினார். ஜோன்ஸ்பரோவில் கிளீபர்ன் பெயரில் ஒரு கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அதில் இருப்பவர்களில் பெரும்பாலோர் பெயர் தெரியாதவர்கள்.

இருபது மைல் வடக்கே, அட்லாண்டாவில், ஜெனரல் நின்றுகொண்டிருந்தது. போக எந்தத் திசையிலும் தண்டவாளம் இல்லை. ஹூட்டின் வெடிமருந்து வண்டியும் அங்கேயே சிக்கியிருந்தது. பாதை திறந்திருந்தபோதே அது புறப்பட்டுப் போயிருக்க வேண்டும், அதிகாரிகளின் அலட்சியத்தால் தங்கிவிட்டது. அன்றிரவு நகரை விட்டு வெளியேறும்போது தெற்குப் படை அதற்குத் தீ வைத்தது. 81 பெட்டிகள், அவற்றில் 28 பெட்டிகளில் வெடிமருந்து. ஜோன்ஸ்பரோ அருகே விழித்திருந்த ஷெர்மனுக்கு அந்த ஓசை கேட்டது. சண்டையா, தகர்ப்பா என்று அவருக்குப் புரியவில்லை. வெடித்த இடம் அட்லாண்டா உருட்டாலையின் பக்கம். தேய்ந்த தண்டவாளங்களை உருக்கி மறுபடி உருட்டித் தருவதற்கென்று 1858-இல் தொடங்கிய ஆலை அது. தெற்கில் முறுக்கிய இரும்பைச் சீர்செய்யக்கூடிய சில இடங்களில் ஒன்று, தன்னவர் வைத்த தீயிலேயே போயிற்று. ஜார்ஜ் பார்னார்டு அங்கே எடுத்த புகைப்படத்தில் பெட்டிகளே இல்லை. வெற்றுச் சக்கர அச்சுகள் வரிசையாக நிற்கின்றன, பின்னால் ஆலையின் புகைபோக்கிகள். அந்த அழிவில்தான் ஜெனரலும் கடுமையாகச் சிதைந்தது. மறுநாள் மேயர் ஜேம்ஸ் கல்ஹூன் நகரை ஒப்படைத்தார். தேர்தலில் தோற்றுவிடுவோம் என்று ஆகஸ்ட்டில் அஞ்சிக்கொண்டிருந்த அதிபர் லிங்கன், நவம்பரில் வென்றார்.

அக்டோபரில் ஹூட் வடக்கே சுற்றிவந்து பிக் ஷான்டிக்கு அருகில் எட்டு மைல் பாதையைப் பெயர்த்தார். வடக்கு 35,000 புதுக் கட்டைகளையும் ஆறு மைல் இரும்பையும் போட்டு ஒரு வாரத்தில் சரிசெய்தது. அடுத்த மாதம் கடலை நோக்கிப் புறப்படுமுன், அவ்வளவு பாடுபட்டுக் காத்த அதே பாதையை ஷெர்மனே அழித்தார். இனி அவருக்கு அது தேவைப்படவில்லை.

போர் முடிந்தபின் ஜெனரலைச் செப்பனிட்டார்கள். எண் 39 போய் 3 ஆயிற்று; புனல் புகைபோக்கி போய் வேறு வடிவம் வந்தது; விறகு போய்க் கரி வந்தது. 1870-இல் மாநிலம் பாதையைக் குத்தகைக்கு விட்டது. எடுத்த நிறுவனத்தின் தலைவர் போர்க்கால ஆளுநர் ஜோசப் பிரௌன். தம் நிலக்கரிச் சுரங்கத்தில் அவர் சிறைக் கைதிகளைக் குத்தகைக்கு எடுத்து வேலை வாங்கினார். அந்தக் கைதிகளில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். அடிமை முறை வேறு பெயரில் தொடர்ந்தது. 1886-இல் தென்னாட்டு ரயில் பாதைகள் எல்லாம் ஐந்தடி அகலத்திலிருந்து மூன்று அங்குலம் சுருங்கின. மே 31, ஜூன் 1 ஆகிய இரண்டு நாட்களில் ஆயிரக்கணக்கான மைல் தண்டவாளத்தை ஒருபக்கம் உள்ளே நகர்த்தி ஆணி அடித்தார்கள். ஜெனரலின் சக்கரங்களும் உள்ளே வந்தன. முதன்முறையாக வடக்கின் பாதைகளில் அது ஓட முடிந்தது.

1891-இல் அதை ஓய்வில் தள்ளி, வைனிங்ஸ் என்ற ஊரில் பக்கத் தடத்தில், பழைய இரும்பாக விற்க நிறுத்தினார்கள். கிளார்க் என்ற புகைப்படக்காரர் கண்டு சொன்னதால் தப்பியது. புதிய குத்தகைக்கார ரயில்வே அதைப் புதுக்கி, 1893 சிக்காகோ கண்காட்சிக்கு அனுப்பியது. 1901 முதல் சட்டனூகா ஸ்டேஷனில் காட்சிப் பொருளாக நின்றது. அதே ஊர் தேசியக் கல்லறையில் ஆண்ட்ரூஸும் தூக்கிலிடப்பட்ட ஏழு பேரும் கிடக்கிறார்கள். ஒஹையோ மாநிலம் அங்கே எழுப்பிய நினைவுச் சின்னத்தின் உச்சியில் வெண்கலத்தில் ஒரு சிறு ஜெனரல். 1926-இல் பஸ்டர் கீட்டன் இந்தக் கதையைப் படமாக்க, உண்மை எஞ்சினைக் கேட்டார். நகைச்சுவைப் படம் என்று தெரிந்ததும் ரயில்வே மறுத்தது. அவர் ஆரிகன் காடுகளில் வேறு எஞ்சின்களை வைத்து எடுத்தார்.

1962-இல் நூற்றாண்டு நினைவாக லூயிவில் அண்டு நாஷ்வில் ரயில்வே அதைச் சீர்செய்து, சொந்த நீராவியிலேயே பழைய பாதையில் ஓட்டியது. 1967 செப்டம்பரில் கென்னசாவுக்கு ஒரு விழாவுக்காகக் கொண்டுபோகும் வழியில், சட்டனூகா மேயர் ரால்ஃப் கெல்லி போலீஸோடு வந்து வண்டியை மறித்தார். எஞ்சின் தன் ஊருக்குச் சொந்தம் என்றார். ஜெனரலை வழியில் பறிப்பது இரண்டாம் முறையாக நடந்தது. வழக்கு உச்சநீதிமன்றம் வரை போயிற்று. 1970-இல் அந்த நீதிமன்றம் விசாரிக்க மறுக்க, ரயில்வேயின் பக்கம் வந்த தீர்ப்பு நிலைத்தது. 1972 பிப்ரவரியில் அப்போதைய ஆளுநர் ஜிம்மி கார்ட்டர் ஜார்ஜியாவின் சார்பில் அதைப் பெற்றுக்கொண்டார்.

பிக் ஷான்டியின் இன்றைய பெயர் கென்னசா. ஒரு பழைய பருத்தி அரைவை ஆலைக் கட்டடத்தில், அன்று காலை ஜெனரல் களவுபோன இடத்துக்குக் கூப்பிடு தூரத்தில், ஏப்ரல் 12-ஆம் தேதியாகப் பார்த்து அதற்கென்று ஓர் அருங்காட்சியகத்தைத் திறந்தார்கள். டெக்ஸஸ் அட்லாண்டா வரலாற்று மையத்தில் நிற்கிறது. ஃபுல்லரின் கல்லறை அதே நகரத்தின் ஓக்லாண்டு இடுகாட்டில். அந்த ஏழு பேரைத் தூக்கிலிட்ட இடம் அதன் அருகில்தான். கென்னசா அருங்காட்சியகத்துக்கு வெளியே அந்த 138 மைல் பாதை இப்போதும் இருக்கிறது, இப்போதும் ஜார்ஜியா அரசின் சொத்தாக. சி.எஸ்.எக்ஸ். நிறுவனம் குத்தகைக்கு எடுத்து ஓட்டுகிறது. பிக் ஷான்டியில் இப்போது சாப்பாட்டுக்காக வண்டி நிற்பதில்லை. சரக்கு வண்டிகள் ஊதிக்கொண்டே கிங்ஸ்டன் பக்கம் போகின்றன.